வரவேற்பறையில் பன்னிரண்டு பிணங்கள்

பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், வாயைப் பிளந்தபடி இறந்துகிடந்தார்கள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தார்கள்.

"கூட்டுத் தற்கொலையா இருக்குமோ அண்ணி?" என்றான் கொழுந்தன், கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு. "தலைக்கு மேல இந்தப் போர்டை மாட்டி வெச்சா எனக்கே வாழ்க்கை வெறுத்துடும்."

போர்டு தொட்டியைவிடப் பெரியது. ‘எங்கள் சாய ஆலையின் கழிவுநீர், சுத்திகரித்த பின்! மீன்களே சாட்சி!’ என்று தங்க எழுத்தில் மின்னியது. சாட்சிகள் பன்னிரண்டும் மல்லாந்து மிதந்தன.

அண்ணி தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். துப்பறியும் நிறுவனம் அவளுடையது. அவள் கணவனின் தம்பிதான் உதவியாளன்; மூன்று வேலைகளை அவன் விட்டான் என்று அவன் சொல்வான், மூன்று வேலைகளும் அவனை விட்டன என்று வீட்டில் சொல்வார்கள். துப்பறியச் சொல்லி வரும் கட்சிக்காரர்கள் முன்னாலும் அவன் "அண்ணி அண்ணி" என்று அழைத்ததில் நாளடைவில் கட்சிக்காரர்களும் அப்படியே அழைக்க ஆரம்பித்தார்கள். விசிட்டிங் கார்டில் மட்டும்தான் இன்னும் அச்சாகவில்லை.

"விஷம்தான். சந்தேகமே இல்லை" என்றார் ஆலை முதலாளி.

முதலாளிக்குத் ‘தூய்மைச் செம்மல்’ என்று ஒரு பட்டம் உண்டு. தொழிலதிபர் சங்கம் கொடுத்தது. சங்கத்தின் தலைவர் அவர். செயலாளர் அவருடைய மைத்துனர். பட்டம் கொடுக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இவர், வழிமொழிந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. சாய ஆலைக்குள் இத்தனை வருடம் இப்படி நடமாடி ஒரு பொட்டுக் கறைகூடப் படாமல் இருக்கிறார் என்றால், ஆலைக்குள் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று அண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். வரவேற்பறை வரை. அதைத் தாண்டி இல்லை.

"பன்னெண்டு மணிக்கு விருதுக் குழு வருது, மேடம். ‘நீர்க் காவலர்’ விருது. பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். புகாரெல்லாம் டைப் அடிச்சாச்சு. குற்றவாளி யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. நீங்க ‘ஆமா, அவதான்’னு ஒரு அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுத்தா போதும்."

"அப்போ எதுக்கு சார் துப்பறியணும்?" என்றான் கொழுந்தன். "தபால்லயே அனுப்பியிருப்போமே."

"தம்பி" என்றாள் அண்ணி. அது அதட்டல். பிறகு செம்மலிடம், "யாரு அந்த ‘அவ’?" என்றாள்.

"எங்க லேப்ல வேலை பாக்குற பொண்ணு. தண்ணியைச் சோதிச்சு எழுதுறது அவ வேலை. நேத்து சாயங்காலம் மூணு மாச அறிக்கையை நீட்டினேன், கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டா. போடாதது மட்டுமில்ல, இருபது பேர் முன்னாடி, ‘நம்ம கழிவுத் தண்ணில மீனை விட்டா ஒரு மணி நேரம் தாங்காது’ன்னு கத்தினா. காலையில எட்டு மணிக்கு வந்து பார்த்தா, மீன் செத்துக் கிடக்கு. அவ ரிஜிஸ்டர்ல இன்னிக்குப் பக்கத்தைக் காணோம், கிழிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"காரணம் இருக்கு, வாய்ப்பு இருக்கு, வாக்குமூலமும் இருக்கு" என்று விரல்விட்டு எண்ணினான் கொழுந்தன். "சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம் அண்ணி."

அண்ணி குனிந்து தொட்டியின் பின்பக்கம் பார்த்தாள். குமிழி விடும் சின்ன பம்ப் அங்கே இருந்தது. அதன் ஒயர் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

"இதை யாரு கழட்டினது?"

வரவேற்பு மேஜைப் பெண் தயங்கிக்கொண்டே முதலாளியைப் பார்த்தாள். முதலாளியே பெருமையுடன் சொன்னார்: "நான்தான் கழட்டச் சொன்னேன். போட்டோ எடுக்குறப்போ குமிழி குமிழியா வந்தா கழிவுத் தண்ணி நுரைக்கிற மாதிரி இருக்காது? தண்ணின்னா கண்ணாடி மாதிரி அசையாம நிக்கணும்."

"தண்ணி எப்போ மாத்துனீங்க?"

"இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு. புதுசா, பளிச்சுன்னு." பிறகு ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டவர்போல வாயை மூடிக்கொண்டார். "சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணிதான். போர்டுல இருக்கே."

இதற்குள் கொழுந்தன் ஒரு பிணத்தை வாலைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, எதுவும் புரியாமல் திரும்பப் போட்டிருந்தான். மீன் வாடை தாங்கவில்லை. தொட்டியிலிருந்தே ஒரு குவளைத் தண்ணீரை மொண்டுகொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய்ச் சோப்புக் கட்டியைத் தேய்த்தான்.

"விஷம்னு சொல்ற தண்ணியில கை கழுவுறியே?"

"கைதானே கழுவுறேன் அண்ணி, வாயா கொப்பளிக்கிறேன்? குழாயில சனியன் தண்ணி வரல." தேய்த்தான். நுரை வந்தது. இன்னும் தேய்த்தான். மணிக்கட்டு வரை, முழங்கை வரை நுரை ஏறியது. கடைசி மிச்சத்தையும் ஊற்றிக் கழுவினான். "என்ன எழவு இது, எவ்வளவு ஊத்துனாலும் வழவழப்புப் போகல! எண்ணெய் தடவுன மாதிரி இருக்கு."

அண்ணி திரும்பினாள். அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தை அவன் நன்றாக அறிவான். கிட்டத்தட்ட அதே வெளிச்சம் அவனுடைய அண்ணன் பொய் சொல்லும்போதும் அவள் கண்ணில் வரும்.

"சார், உங்க சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய் எங்க இருக்கு?"

"அங்கெல்லாம் எதுக்கு மேடம், சேறா இருக்கும்..."

"எங்களுக்குச் செருப்பு வெள்ளை இல்ல சார்" என்றான் கொழுந்தன்.

*

சுத்திகரிப்பு நிலையம் ஆலையின் கொல்லைப்புறத்தில், விருதுக் குழுவின் கால்கள் போகாத தூரத்தில் இருந்தது. நான்கு பெரிய தொட்டிகள். ஒன்றில் காற்று ஊதும் இயந்திரம் ஓடவேண்டும். அதன்மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. கடைசிக் குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் ஒரு வாய்க்காலில் சேர்ந்து சுவரைத் தாண்டி ஆற்றுக்குப் போனது. அன்றைக்குத் துணிகளுக்கு என்ன நிறமோ, வாய்க்காலுக்கும் அதே நிறம். அன்று நீலம்.

அண்ணி வரவேற்பறைச் சோப்பைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "இதுல கை கழுவு."

"நான் உங்க சொந்தக் கொழுந்தன் அண்ணி. அண்ணனுக்கு ஒரே தம்பி."

"கழுவு."

கழுவினான். நுரை வரவில்லை. சோப்பு திரிந்து, வெள்ளை வெள்ளையாகக் கட்டிதட்டிக் கையில் ஒட்டியது. ஆசைப்பட்டு இன்னும் தேய்த்தான், இன்னும் திரிந்தது.

"சாயம் துணியில பிடிக்கிறதுக்கு மூட்டை மூட்டையா உப்பு போடுவாங்க. அப்புறம் அதைச் சுத்தம் பண்ணுறேன்னு சுண்ணாம்பு போடுவாங்க" என்றாள் அண்ணி. "அதெல்லாம் சேர்ந்து கடைசியில இங்கதான் வரும். இந்தத் தண்ணியில சோப்பு நுரைக்காது. அந்தத் தொட்டித் தண்ணியில உனக்கு முழங்கை வரைக்கும் நுரைச்சுது. அதுல ஒரு சிட்டிகை உப்புகூட இல்ல."

கல்லூரியில் வேதியியலில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவள் அண்ணி. எனவே முதல் மாணவிகள் ஒரு முறை மட்டும் படித்த பாடத்தை மூன்று முறை படித்தவள்.

"அப்போ மீனுங்க இருந்தது கழிவுத் தண்ணியே இல்ல."

"ஆமா. போர்டு பொய். இது முதல் விஷயம். இவ்வளவு சுத்தமான தண்ணியில மீன் ஏன் சாகணும்? இது ரெண்டாவது."

செம்மலிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "விளம்பரத்துல சோப்புப் போட்டுக் குளிக்கிற பொண்ணு நெஜமாவா குளிக்குது? அது மாதிரிதான். மத்த நாள்ல கேன் தண்ணி வாங்கி ஊத்துவோம். ஊர்ல எல்லாரும் பண்றதுதான். அதுக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்க லேப்புக்குப் போங்க மேடம். மணி பத்தரை ஆச்சு."

*

லேப் அக்கா முப்பது வயதுக்காரி. அக்கா என்று அழைப்பவர்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். ஆலையில் அவளுக்கு அந்த மரியாதை இருந்தது. சின்ன அறை, ஒரு தராசு, கண்ணாடிக் குப்பிகள், சுவரில் நேராகத் தொங்கும் துடைக்கும் துணி. மேஜைமேல் ரிஜிஸ்டர் திறந்திருந்தது.

"நான் விஷம் வெக்கல" என்றாள். அவ்வளவுதான்.

"இன்னும் அரை மணி நேரத்துல இன்ஸ்பெக்டர் வர்றார்மா. உள்ள போனா வேலை போகும். அப்புறம் எந்த லேப்லயும் சேர்த்துக்க மாட்டாங்க. மீனுக்கே விஷம் வெச்சவன்னு பேராயிடும்" என்றாள் அண்ணி.

"தெரியும்."

"பக்கத்தை எதுக்குக் கிழிச்ச?"

அவள் விரல்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு விலகின.

கொழுந்தன் ஒரு பென்சிலை எடுத்து, கிழித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் பக்கவாட்டில் தேய்க்கத் தொடங்கினான். "எழுத்து பதிஞ்சிருக்கும் அண்ணி. எல்லா துப்பறியும் நாவல்லயும் இப்படித்தான் கண்டுபிடிப்பாங்க." முழுப் பக்கமும் கறுப்பானது. எழுத்து எதுவும் வரவில்லை.

"நான் கீழ அட்டை வெச்சுதான் எழுதுவேன்" என்றாள் லேப் அக்கா, தன் ரிஜிஸ்டர் பாழானதைத் தாங்க முடியாத குரலில்.

அண்ணி கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "தம்பி, இதைப் பாரு. ஸ்கேல் வெச்சுக் கிழிச்சிருக்கா. தப்பை மறைக்கிறவ கைக்கு வந்த மாதிரி பிய்ச்சு எறிவா. ரிஜிஸ்டருக்கு வலிக்கக்கூடாதுன்னு கிழிச்சவ அந்தப் பக்கத்தைக் குப்பையில போட்டிருக்க மாட்டா." அவள் பார்வை அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறையில் நின்றது. உறை ஓர் அட்டைக்கு வேண்டியதைவிடத் தடிமனாக இருந்தது. "நீயே எடுத்துக் குடுக்குறியாம்மா?"

எட்டாக மடித்த காகிதம். ‘தொட்டித் தண்ணீர். காலை 8.10. உப்பு: இல்லை. விஷம் எதுவும் இல்லை. ஆக்சிஜன்: இல்லை.’ கீழே அவள் கையெழுத்து.

"மீன் செத்த உடனே ஓடிப்போய்ச் சோதிச்சிருக்காங்க" என்றான் கொழுந்தன். "இதைக் காட்டினாலே தப்பிச்சிருக்கலாம். இதைப் போய் ஒளிச்சு வெச்சிருக்காங்களே, என்ன அண்ணி இது?"

"ஆக்சிஜன் இல்லாத தண்ணி இந்த ஆலையில எங்க கிடைக்கும்?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

லேப் அக்காவின் முகம் வெளுத்தது. "பாய்லர் ரூமுக்குப் போகாதீங்க மேடம்! அங்க ஒண்ணும் இல்ல. நானே விஷம் வெச்சேன்னு எழுதிக்கோங்க. போதுமா?"

கொழுந்தன் அண்ணியின் காதில் கிசுகிசுத்தான்: "அஞ்சு நிமிஷம் முன்னாடி வெக்கலன்னாங்க, இப்போ வெச்சேங்கிறாங்க. நம்ம கட்சிக்காரர் யாரு அண்ணி? இவங்களா, அவரா, மீனா?"

*

பாய்லர் அறைக்குப் போகவேண்டிய அவசியமே வரவில்லை. பாய்லர் அறையே வரவேற்பறைக்கு நடந்து வந்தது.

செம்மல் சும்மா இருக்கவில்லை. கடையிலிருந்து புதிதாகப் பன்னிரண்டு மீன்கள் வரவழைத்திருந்தார். பெரிய பிளாஸ்டிக் பையில் கால்வாசித் தண்ணீர், முக்கால்வாசி ஆக்சிஜன். பை பலூன்போல உப்பி இருந்தது. செத்த மீன்களை வாளியில் போட்டு, பழைய தண்ணீரை இறைத்துவிட்டார்கள். புதுத் தண்ணீரோடு உள்ளே நுழைந்தார் பாய்லர்காரர்: காக்கிச் சட்டை, நெற்றியில் கரி, தோளில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடிய பெரிய கேன். அவருக்குப் பின்னால் லேப் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருங்க சொன்னது தண்ணி கெட்டதுன்னு?" என்றார் பாய்லர்காரர். கேனைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். "காலையில ஊத்துனதும் இதுதான், இதுவும் அதோட கூடப்பிறந்ததுதான். நானே என் கையால பிடிச்சது. ராத்திரி பூரா மூடியை இறுக்கி ஆற வெச்சேன், ஒரு தூசி விழ விடல. நம்ம ஆலையில இதைவிடச் சுத்தமான தண்ணி கிடையாது. பச்சப்புள்ளைக்குக் குடுக்கலாம்."

"சரி சரி, ஊத்துய்யா" என்றார் செம்மல். "மேடம், நீங்க அறிக்கையை எழுதுங்க. மணி பத்து ஐம்பது."

பாய்லர்காரர் ஊற்றினார். தண்ணீர் சத்தமே இல்லாமல் தொட்டியில் ஏறியது. கேனில் கால்வாசி மிச்சம். செம்மல் மீன் பையை எடுத்துக் கொழுந்தன் கையில் கொடுத்தார். "விடு தம்பி."

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி எதிர்ச்சுவரில் இருந்த சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது, நாற்பது. "விடு" என்றாள், திரும்பாமல்.

அவன் முடிச்சை அவிழ்த்தான். பை சாய்ந்தது. முதல் மீனின் தலை விளிம்புக்கு வந்தது.

"வேணாம்! விடாதீங்க! செத்துரும்! சித்தப்பா, அவரைப் பிடிங்க!"

லேப் அக்கா ஓடிவந்து பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அறை அப்படியே நின்றது.

"சித்தப்பாவா?" என்றார் செம்மல். பாய்லர்காரருக்கும் லேப் அக்காவுக்கும் உறவு உண்டு என்பது காவலாளிக்குத் தெரியும், லாரி ஓட்டுநருக்குத் தெரியும், வாய்க்காலைத் தாண்டி இருந்த தள்ளுவண்டிக்காரனுக்கும் தெரியும். வரவேற்பறையைத் தாண்டிப் போகாதவருக்குத்தான் தெரியவில்லை. அடுத்த நொடி அவர் குதித்தார். "பாத்தீங்களா! ஒத்துக்கிட்டா! செத்துரும்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேட்கப்போறேன்" என்று திரும்பினாள் அண்ணி. "இவ்வளவு நேரம் உன்னைப் பேச வெக்க முடியலம்மா. இன்னும் பன்னெண்டு உயிர் போறதைப் பார்த்துக்கிட்டு நிக்கமாட்டேன்னு தெரியும். இனிமே சொல்லு. இல்ல, காட்டு."

லேப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளை அங்கியின் பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் இரண்டு சொட்டு மருந்துகளும் வெளியே வந்தன. அங்கி போட்டால் இவற்றை எடுத்துவைக்காமல் அவளால் அறையைவிட்டு வர முடியாது. ஒரு குப்பியில் மீன் பையின் தண்ணீர், மற்றதில் கேனின் மிச்சத் தண்ணீர். இரண்டிலும் அந்த இரண்டு மருந்தையும் விட்டு, மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டினாள்.

மீன் பைத் தண்ணீர் பழுப்பாகி, காபிப்பொடி கரைத்ததுபோலக் கலங்கியது. கேன் தண்ணீரில் பால்போல வெள்ளை வெளேரென்று ஒரு படிவு இறங்கியது.

"ஆஹா!" செம்மலின் முகம் மலர்ந்தது. "என்ன வெள்ளை! என் தண்ணியைப் பாருங்க, பால் மாதிரி! கடைக்காரன் தண்ணியைப் பாருங்க, சாக்கடை! டேய், அந்த வெள்ளைக் குப்பியை எடுத்து வை, விருதுக் குழுவுக்குக் காட்டணும்!"

"கட்டாயம் காட்டுங்க சார்" என்றாள் லேப் அக்கா. "பழுப்புன்னா தண்ணியில ஆக்சிஜன் இருக்குன்னு அர்த்தம். வெள்ளைன்னா சுத்தமா இல்லைன்னு அர்த்தம்."

"தண்ணியிலேயே ஆக்சிஜன் இருக்கே" என்றான் கொழுந்தன். "எச் டூ ஓன்னு எட்டாவதுலயே அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்களே."

"அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துது தம்பி" என்றாள் அண்ணி. "அதைப் பிரிச்சு இழுத்துக்கிட்டு வந்து மூச்சு விட மீனால முடியாது. வெளிக் காத்துலேருந்து விருந்தாளியா வந்து தண்ணிக்குள்ள தங்குது பாரு கொஞ்சம் ஆக்சிஜன், அதைத்தான் மீன் சுவாசிக்கும். விருந்தாளியே இல்லாத வீடு இந்தக் கேன் தண்ணி." பாய்லர்காரரிடம் திரும்பினாள். "ஐயா, பாய்லருக்குள்ள போற தண்ணியிலேருந்து காத்தை ஏன் எடுக்குறீங்க?"

"காத்து இருந்தா குழாய் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடும்மா" என்றார் அவர், தொழில் தெரிந்தவரின் உறுதியோடு. "அதனால கொதிக்க வெச்சுக் காத்தை விரட்டுவோம். அப்பவும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கிற துளிக்கு ஒரு மருந்து போடுவோம், அது தின்னுடும். இருபத்தாறு வருஷமா என் பாய்லர்ல ஒரு குழாய் துருப்பிடிச்சது இல்ல. உப்பும் கிடையாது, காத்தும் கிடையாது. அவ்வளவு சுத்த..."

அங்கே நின்றார். வாளியில் குவிந்து கிடந்த பன்னிரண்டையும் பார்த்தார். கேனைப் பார்த்தார். இறுக்கி மூடிய மூடியைப் பார்த்தார்.

"நானா பாப்பா?" என்றார் லேப் அக்காவிடம், குரலே இல்லாமல்.

"உங்களுக்குத் தெரியாது சித்தப்பா."

"காத்தை வெளியேத்துறதுதான் என் வேலை. அது யாருக்காவது வேணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

செம்மல் சொன்னார்: "அப்போ இவனா? அறிவு கெட்டவனே! மேடம், பேரை மட்டும் மாத்தி எழுதிடுங்க. இன்னிக்கே இவனை வீட்டுக்கு அனுப்புறேன்."

"இதுக்குத்தான் மேடம் பக்கத்தைக் கிழிச்சேன்" என்றாள் லேப் அக்கா.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, பாய்லர்காரர் எதுக்கு மீன் தொட்டிக்குத் தண்ணி பிடிக்கணும்? அது உங்க வேலை இல்லையே. யார் சொன்னா?"

"முதலாளிதான்மா. நேரா என் போனுக்கே பேசி அனுப்பினார்." அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை எட்டிப்பார்த்தது. "இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட நேரா பேசினது. வீட்ல எல்லாரையும் உட்கார வெச்சு மூணு தடவை போட்டுக் காட்டினேன்." போனை எடுத்து அழுத்தினார்.

செம்மலின் குரல் வரவேற்பறை முழுவதும் கணீரென்று ஒலித்தது: "இந்தா பாருப்பா, நம்ம ஆலையிலேயே சுத்தமான தண்ணி பாய்லருக்குப் போறதுதானே? கேன் தண்ணியெல்லாம் வேணாம். அதையே ஆற வெச்சுத் தொட்டியில ஊத்து. பெரிய மனுஷங்க வர்றாங்க. சொன்னதை மட்டும் செய், மூளையை உபயோகிக்காத."

"கடைசி வரியை எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது" என்றான் கொழுந்தன். "காத்து இல்லாத தண்ணியை ஊத்தச் சொன்னது இவர். கொஞ்ச நஞ்சம் காத்து குடுத்துக்கிட்டிருந்த பம்பைக் கழட்டச் சொன்னதும் இவர். அண்ணி, கொலையாளியே நம்மளைக் கூப்பிட்டுத் துப்பறியச் சொல்றது இதுதான் முதல் தடவை. நல்லவேளை, நான் அந்தத் தண்ணியைக் குடிக்கல."

அண்ணி அறிக்கைத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம் சார். நீங்க சொல்லுற மாதிரியே எழுதுறேன். தொட்டியில இருந்தது போர்டுல போட்டிருக்கிற சுத்திகரிச்ச தண்ணின்னு எழுதட்டுமா? எழுதினா, உங்க தண்ணி மீனைக் கொல்லுதுன்னு ஆகும். பாய்லர் தண்ணின்னு எழுதட்டுமா? எழுதினா, போர்டு பொய்ன்னு ஆகும். விருதுக் குழு எதைப் படிச்சா உங்களுக்கு வசதி?"

செம்மலின் வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்தது. டைப் அடித்த புகாரை எடுத்தார், நான்காகக் கிழித்தார். ஸ்கேல் எதுவும் வைக்கவில்லை. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து மூன்று மாத அறிக்கையை எடுத்து லேப் அக்காவின் முன் வைத்து, பேனாவையும் வைத்தார். குரல் தேனாகக் குழைந்தது.

"புகார் கிடையாதும்மா. எல்லாம் மறந்தாச்சு. உன் வேலை உனக்கு. உன் சித்தப்பா வேலை அவருக்கு. இதுல மட்டும் ஒரு கையெழுத்து. உன் ஒரு கையெழுத்துல ரெண்டு குடும்பம் பிழைக்குது, பாரு."

லேப் அக்கா பேனாவைப் பார்த்தாள். அறிக்கையில் ஆற்றுக்குப் போகும் தண்ணீரின் நேரே ‘மிக நன்று’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. மீன் பை இன்னும் அவள் இடது கையில்தான் இருந்தது. உள்ளே பன்னிரண்டும் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இந்த இடத்தில் அண்ணியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது.

"என்னை நினைச்சுத்தான் காலையிலேருந்து வாயைத் திறக்காம இருந்தியா?" என்றார் பாய்லர்காரர்.

அவள் தலையாட்டினாள்.

"எனக்கு எங்க வேணா பாய்லர் கிடைக்கும் பாப்பா. இருபத்தாறு வருஷம் துரு ஏறாத குழாய் இருக்கு எனக்குச் சாட்சிக்கு." கேனின் மூடியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பன்னெண்டு மீனுக்கே எனக்கு நெஞ்சு அடைக்குது. அந்த வாய்க்கால் போற ஆத்துல எத்தனை இருந்திருக்கும்? உன் இஷ்டம். என்னைச் சேர்த்துக் கணக்குப் போடாத."

வாசலில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். காலையிலிருந்து நான்கு இடம் போய்வந்த களைப்பு அவர் நடையில் தெரிந்தது.

"யாருக்கு விஷம்? எத்தனை பேர்?"

"பன்னெண்டு பேர் சார்" என்றான் கொழுந்தன். "எல்லாம் தங்க மீன்."

இன்ஸ்பெக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். செம்மல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடினார். "ஒண்ணுமில்ல சார், சின்னக் குழப்பம். வீணா அலைய வெச்சுட்டோம். குற்றமும் இல்ல, குற்றவாளியும் இல்ல. குடிக்க ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"நான் இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்றார் இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே. "ஸ்டேஷன்ல எழுதிட்டு வந்திருக்கேன், சும்மா கோடு போட்டு அடிக்க முடியாது. இங்க யாருக்கும் புகாரே இல்லையா? ஏம்மா, உனக்கு ஏதாவது இருக்கா?"

லேப் அக்கா மீன் பையைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். பேனாவை எடுத்தாள். அறிக்கையைத் திருப்பி, எதுவும் அச்சடிக்காத வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, அதற்கடியில் ஓர் அட்டையைச் சொருகினாள்.

"இருக்கு சார். ஆத்துல விடுற தண்ணியைப் பத்தி. மூணு மாசத்துக்கு, தினமும், தேதி போட்டு. எங்க ஆரம்பிக்கட்டும்?"

"உட்கார்ந்து எழுதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு.